அண்ணிக்கு வந்த கார்டு

அந்தக் கார்டைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் படத்தைத்தான் பார்க்கிறார்கள். ஓரத்தில் ராஜா தலை அச்சடித்த பழைய தபால் கார்டு. நீல மசியில் நெருக்கி எழுதிய எழுத்துக்கு நடுவே, கவிழ்த்து வைத்த கலயம் மாதிரி ஒரு படம். கலயத்தின் கழுத்துக்குச் சற்று மேலே குறுக்காக ஒரு கோடு. சட்டி பானைக் கடைக்காரர் எழுதிய கடிதமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நானும் சிரித்துக்கொண்டே ஆமாம் என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தக் கார்டை எடுக்கும்போதெல்லாம் என் கண் போவது படத்துக்கு அல்ல, முதல் வரிக்கு. அந்த வரியில் என் குற்றம் ஒன்று இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர் என் அண்ணி ஒருவர்தான்.

யுத்த காலம் அது. அண்ணன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா பக்கம் போயிருந்தான். ஆவூரில் எங்கள் வீட்டில் அம்மா, அண்ணி, அண்ணனின் மகளான என் மூன்று வயது மருமகள், நான் ஆக நாலு பேர். நான் மாதா கோவில் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இருபது வயதிலேயே உலகத்தில் எல்லாம் தெரியும் என்ற நினைப்பு எனக்கு. அண்ணி குன்றாண்டார்கோவில் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண். எழுத்துக் கூட்டிப் படிப்பார், அவ்வளவுதான். அதிகம் பேச மாட்டார். ஆனால் பேசினால் கேள்வியாகத்தான் பேசுவார். பூசைக்கு வந்த சாமியாரிடமே, ஞானஸ்நானத் தண்ணீர் ஏன் உப்பாக இருக்கிறது என்று கேட்டவர்.

அண்ணிக்கு முதல் பிரசவத்தில் பிள்ளை வயிற்றுக்குள் குறுக்கே கிடந்தது. தாய்வீட்டில் வலி எடுத்ததுமே அந்த ஊர் மருத்துவச்சி தொட்டுப் பார்த்துவிட்டு, இது என் கையில் இல்லை, வண்டியைக் கட்டுங்கள் என்று சொல்லிவிட்டாள். புதுக்கோட்டைக்குக் கொண்டுபோய், வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். இன்றைக்கு சிசேரியன் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். அன்றைக்கு அது செத்துப் பிழைப்பது. மயக்க மருந்தின் குமட்டல் அடங்கவே நாலு நாள் ஆயிற்று. ஒரு மாதம் அண்ணியால் பிள்ளையைத் தூக்க முடியவில்லை. பால் வற்றிவிட்டது. மருமகள் பசும்பாலில், என் அம்மாவின் மடியில் வளர்ந்தாள். மூன்று வயதிலும் தூக்கம் வந்தால் அவள் தேடுவது அப்பத்தாவைத்தான். அண்ணி பாய் விரித்துக் கையை நீட்டுவார். பிள்ளை அவரைத் தாண்டிப் போய் அம்மாவிடம் படுத்துக்கொள்ளும். நீட்டிய கையை அண்ணி மெதுவாக மடக்கிக்கொள்வதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

அந்த ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும் நாளில்தான் அண்ணி அந்தக் கேள்வியைக் கேட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன். ஆபரேஷன் செய்த டாக்டரம்மா மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

“உள்ள எங்கிட்டு வெட்டுனீங்க, டாக்டரம்மா?”

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். வெளியே தழும்பு தெரிகிறதே என்றார். தெரியுது, அது தோலு, நான் கேக்குறது உள்ள என்றார் அண்ணி. எனக்கு வெட்கமாகப் போயிற்று. டாக்டரம்மா மட்டும் சிரிக்காமல், ஒரு சீட்டைத் திருப்பிப் போட்டுப் படம் வரைந்தார். மேலே தோலில் நெட்டுக்குத்தாக வெட்டியிருந்தாலும், உள்ளே கர்ப்பப்பையில் அடிப்பாகத்தில் குறுக்காகத்தான் வெட்டியிருக்கிறேன் என்றார். கர்ப்பப்பையின் மேல்பாகத்தில் நெட்டாக வெட்டினால் அடுத்த பிரசவ வலியில் தையல் பிளக்கும், தாயும் பிள்ளையும் சேர்ந்தே போய்விடும், கீழே குறுக்கு வெட்டு பெரும்பாலும் தாங்கும் என்று சொல்லி, சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். வண்டியில் வரும்போது ஏன் அண்ணி அப்படிக் கேட்டீர்கள் என்று கடிந்துகொண்டேன். “தெறந்தது அவங்க. சுமந்துக்கிட்டு நடக்கப் போறது நானு. எங்க தச்சிருக்குன்னு எனக்குத் தெரிய வேணாமா?” என்றார்.

மூன்று வருஷம் கழித்து, அண்ணன் லீவில் வந்து போன பிறகு, அண்ணி மறுபடி உண்டானார். ஏழாம் மாதம் நானும் அவரும், பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரி வாயுவில் ஓடிய பஸ்ஸில் இருமிக்கொண்டே புதுக்கோட்டைக்குப் போனோம். பழைய டாக்டரம்மா நாகர்கோவில் பக்கம் மாற்றலாகிப் போயிருந்தார். புது டாக்டரம்மா தழும்பைப் பார்த்தார். இதற்கு வலியே வரவிடக் கூடாது, முன்னாலேயே நாள் குறித்துக் கிழித்துவிட வேண்டும் என்றார். பழைய கேஸ் தாளில் ஆபரேஷன் நடந்தது, தாயும் சேயும் நலம் என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. அண்ணி அவசரப்படாமல், என்கிட்ட படம் இருக்கு, அடுத்த வாட்டி கொண்டாரேன், பாத்துட்டுச் சொல்லுங்க என்றார். படம் சரியாக இருந்தால் யோசிக்கலாம் என்று டாக்டரம்மா அரை மனதாகச் சொன்னார்.

படம் இல்லை. அது போன விதம் எங்கள் ஊரில் மட்டுமே நடக்கக்கூடியது. குருத்து ஞாயிறன்று கோவிலில் மந்திரித்துத் தரும் ஓலையைச் சிலுவையாக முடைந்து, வீட்டு நிலைக்கு மேலே செருகி வைப்போம். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் அதற்கு மரியாதை இன்னும் அதிகம். அண்ணி மறுபடி உண்டானதும் அம்மா, அவருடைய நல்லதுக்காக, டாக்டரம்மா சீட்டைச் சுருட்டி அந்த ஓலைச் சிலுவைக்குள் வைத்துக் கட்டியிருந்தார். தபசு காலம் தொடங்குகிற விபூதிப் புதனுக்கு முன்னால், சாமியாருக்கு உதவியாக இருக்கும் கோவில் உபதேசியார் வீடு வீடாக வந்து பழைய ஓலைகளை வாங்கிப் போவார். அதை எரித்த சாம்பலைத்தான் புதன்கிழமை நெற்றியில் பூசுவார்கள். நாங்கள் புதுக்கோட்டைக்குப் போயிருந்த நேரத்தில் அவர் வந்திருக்கிறார். அம்மாவும் பக்தியோடு எடுத்துக் கொடுத்துவிட்டார். புதன்கிழமை பூசை முடிந்து வந்து அண்ணி நிலைக்கு மேலே கையை விட்டுத் துழாவியபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. அம்மாவின் நெற்றியிலும் அண்ணியின் நெற்றியிலும் என் நெற்றியிலும் அந்தச் சீட்டின் சாம்பல் இருந்தது.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அண்ணி அழவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு, “வரஞ்சவங்க உசுரோடதான இருக்காங்க? எழுதிக் கேளு” என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எங்கே வெட்டினீர்கள், அதன் பிறகு எனக்குக் காய்ச்சல் வந்ததா, குறுக்கே கிடந்ததைத் தவிர வேறு கோளாறு உண்டா, என் இடுப்பெலும்பு பிள்ளைக்குப் போதுமா. ஒரு வார்த்தை கூட வீண் இல்லை. படித்த நான் எழுதியிருந்தால் பாதிப் பக்கம் ஷேம லாபத்திலேயே போயிருக்கும்.

அந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. அதுதான் என் குற்றம். ஒன்பது நாள் அது என் பள்ளிக்கூடப் பையில், கணக்கு நோட்டுக்குள் கிடந்தது. கெட்ட எண்ணம் இல்லை, பயம். அண்ணன் வெடிகுண்டுக்கு நடுவே இருக்கிறான். அவன் திரும்பி வரும்போது அண்ணி இல்லையென்றால் நான் என்ன பதில் சொல்வேன்? டாக்டரே கிழிக்க வேண்டும் என்கிறபோது இவருக்கு எதற்கு இந்தப் பிடிவாதம்? பதில் வராவிட்டால் தானாக அடங்கிவிடுவார் என்று கணக்குப் போட்டேன்.

அவர் அடங்கவில்லை. தினமும் மத்தியானம் தபால்காரர் வரும் நேரத்துக்கு, மாசி வெயிலில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு கோவில் மதிலோரம் வந்து நிற்பார். என் வகுப்பு ஜன்னலில் அது நன்றாகத் தெரியும். தபால்காரர் தலையை ஆட்டிவிட்டுப் போவார், அண்ணி வயிற்றைத் தாங்கிக்கொண்டு திரும்பி நடப்பார். ஒன்பதாம் நாள் திரும்புகிறபோது, மதிலில் கையை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டு, ஓடிப்போய்க் கடிதத்தைப் பெட்டியில் போட்டேன்.

பதில் கார்டில் வந்தது. யுத்தத்தில் காகிதத் தட்டுப்பாடு. அதனால் வீட்டுக்கு வருவதற்கு முன்பே தபால்காரர், உபதேசியார், கடைக்காரர் என எல்லோரும் அதைப் பார்த்துவிட்டார்கள். பூசணிக்காயா கலயமா என்று உபதேசியார் என்னிடமே கேட்டார். அண்ணி பெயருக்கு வந்த முதல் தபால் அது. அண்ணன் கடிதங்கள்கூட அம்மா பெயருக்குத்தான் வரும். நான் உரக்கப் படித்தேன். கர்ப்பப்பையின் அடியில், குறுக்காக. காய்ச்சல் ஒரு நாளும் இல்லை. இடுப்பெலும்பு நல்ல அகலம். பிள்ளை தலைகீழாக நேராக இருந்தால், ஆஸ்பத்திரியில் வைத்து, ஆபரேஷனுக்கு எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு, சுகப்பிரசவத்துக்குப் பொறுத்துப் பார்க்கலாம். ஆனால் இதற்கெல்லாம் முன்னால் முதல் வரியையும் நான் படிக்க வேண்டியிருந்தது. ‘விபூதிப் புதனன்று நீ எழுதிய கடிதம் ஒன்பது நாள் கழித்துத் தபாலில் சேர்ந்திருப்பதாக முத்திரை சொல்கிறது. இனி அவசரமானால் தந்தி கொடு’ என்று இருந்தது. அண்ணி என்னைப் பார்த்தார். கார்டை வாங்கிப் படத்தை விரலால் ஒருமுறை தடவினார். கேள்வி கேட்டே பழக்கப்பட்டவர் அன்றைக்குக் கேட்காமல் விட்டதுதான் எனக்குச் சுருக்கென்று இருந்தது.

அடுத்த முறை புதுக்கோட்டைக்கு அம்மாவும் எங்களோடு வந்தார். புது டாக்டரம்மா கார்டை இரண்டு முறை படித்தார். பிறகு நிபந்தனைகளைச் சொன்னார். கடைசி மாதம் முழுவதும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே தங்க வேண்டும். வலியைத் துரிதப்படுத்தக் கஷாயம் எதுவும் கூடாது. யாரும் வயிற்றை அமுக்கக் கூடாது. வலிக்கும் வலிக்கும் நடுவில் இடைவெளி விடாமல் நோவு தொடர்ந்தால் அந்த நிமிஷமே சொல்ல வேண்டும், நான் கத்தியை எடுத்துவிடுவேன் என்றார். எடுங்க, அதுக்குத்தான நீங்க இருக்கீங்க என்றார் அண்ணி. கிழிக்கவே கூடாது என்ற பிடிவாதம் அவருக்கு இருந்ததே இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. காரணம் இல்லாமல் கிழிக்க வேண்டாம் என்பது மட்டும்தான் அவர் கேட்டது. பக்கத்தில் இருந்து ஆளைக் கவனிக்க ஒரு பெண் வேண்டும், யார் இருக்கிறார்கள் என்று டாக்டரம்மா கேட்டார். அம்மா ஒரு அடி முன்னால் வந்தார். அண்ணி என்னைக் காட்டினார்.

கோடை லீவு விட்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பின் சந்தில் ஓர் அறை எடுத்துத் தங்கினோம். வைகாசி பிறந்து சில நாளில், விடியும் நேரத்தில் வலி கண்டது. அம்மா சுக்கும் பெருஞ்சீரகமும் தட்டிப் போட்டுக் கஷாயம் கொதிக்க வைக்கிற அளவுக்குப் பழக்கதோஷத்தில் போய்விட்டார். பிறகு தானே நினைவு வந்து, பாத்திரத்தைத் தூக்கி வாசல் சாக்கடையில் கொட்டிவிட்டு வந்தார்.

பகல் முழுவதும் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த அறையில் ஆபரேஷன் சாமான்கள் தண்ணீரில் கொதிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. டாக்டரம்மா வந்து வந்து நாடி பார்த்தார். நான் அண்ணி முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உதடு வெளுக்கிறதா, வலி விட்டதும் நெற்றிச் சுருக்கம் தளர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மத்தியானத்துக்கு மேல் ஒரு வலி விடவே இல்லை என்று எனக்குப் பட்டது. எழுந்து கத்திவிட்டேன். டாக்டரம்மா ஓடிவந்தார், பின்னாலேயே மயக்க மருந்தோடு நர்ஸ். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு டாக்டரம்மா அண்ணியின் முகத்தைப் பார்த்தார். அண்ணி கண்ணை மூடி, உள்ளே எதையோ கேட்பது போல இருந்தார். பிறகு நிதானமாக, “விட்டுருச்சு டாக்டரம்மா. அது முழுசாப் போயிருச்சு. இன்னும் கொஞ்சம் பாக்கலாம்” என்றார். பயத்தில் சொல்கிறவர் குரல் இல்லை அது. டாக்டரம்மா நர்ஸைத் திரும்பிப் போகச் சொல்லிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

மூன்று மணி வாக்கில் பையன் பிறந்தான். டாக்டரம்மா கையை விட்டுப் பழைய தையலைத் தொட்டுப் பார்த்து, தழும்பு பிரியவில்லை என்றார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அண்ணி கையை நீட்டினார். பிள்ளையைத் துடைத்த கையோடு அந்தக் கையில் வைத்தார்கள். அவர் அதை முகர்ந்து பார்த்தார். அன்று சாயங்காலமே அம்மா மருமகளைக் கூட்டி வந்தபோது, அண்ணி எழுந்து உட்கார்ந்து, ஒரு மடியில் மகனை வைத்துக்கொண்டு மறு மடியில் மகளை ஏற்றிக்கொண்டார். அவளும் இறங்கவில்லை.

அந்தக் கடித விஷயத்தைப் பற்றி நாங்கள் பல வருஷம் பேசவில்லை. அண்ணன் திரும்பி வந்து, இன்னும் இரண்டு பிள்ளைகள் அதே மாதிரி சுகப்பிரசவமாகப் பிறந்த பிறகு, ஒரு நாள் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருக்கையில் நானே ஆரம்பித்தேன். அவ்வளவு செய்த என்னை ஏன் அன்றைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தீர்கள் என்று கேட்டேன். அண்ணி கடலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

“ஒம்பது நாளு ஒன்னய மாதிரி எனக்காகப் பயந்தவ வேற யாரு? பயந்தவதான் கண்ண எடுக்காமப் பாப்பா.”

அண்ணி போய் மூன்று வருஷம் ஆகிறது. அன்று பிறந்த பையன் இப்போது பேரன் எடுத்துவிட்டான். போன மாதம் வந்து, அந்தக் கார்டைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்ட வேண்டும், தா அத்தை என்று கேட்டான். கொடுத்தேன். மாட்டும்போது முதல் வரி சட்டத்துக்குள் மறைந்துவிடாமல் பார்த்துக்கொள் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டான். அவன் அம்மாவின் பிள்ளை, கேட்காமல் விடுவானா? உட்கார வைத்து, ஒன்பது நாளையும் சொன்னேன்.