இரண்டாம் ஓட்டுக்காரர்

அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. நாங்கள் இருவரும் பள்ளி ஆசிரியர்கள். மேல்சபைக்கு ஆசிரியர் தொகுதியில் ஒரே தேர்தலில் நின்றோம்.

கறுத்து மெலிந்த ஆள். செருப்பில் எப்போதும் கரிசல் ஒட்டியிருக்கும். பஸ் வந்தால் எல்லாரையும் ஏறவிட்டுக் கடைசியில்தான் ஏறுவார். அப்படியும் யாராவது எழுந்து அவருக்கு இடம் கொடுத்துவிடுவார்கள்.

அந்தத் தேர்தலில் பெயர்களுக்கு எதிரே ஒன்று, இரண்டு என்று விருப்ப வரிசையை எழுத வேண்டும். நான் விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் பள்ளிக்கூடமெல்லாம் ஏறி இறங்கி எனக்கு 'ஒன்று' போடச் சொல்லிக் கேட்டேன். அவர் என் வீட்டுக்கே வந்தார்.

"ஒண்ணு உங்களுக்குத்தான் அண்ணாச்சி. எல்லார்ட்டயும் நான் ரெண்டுதான் கேக்குதேன்."

முதல் எண்ணிக்கையில் நான்தான் முன்னால் நின்றேன்; கேட்காமலே கிடைத்த ஒன்றுகளோடு அவர் எனக்கு அடுத்து. ஆனால் பாதிக்கு மேல் யாருக்கும் தேறவில்லை. கடைசியில் வந்தவர்களை நீக்கி, அவர்களுடைய சீட்டுகளை இரண்டாம் விருப்பப்படி பிரித்துக் கொடுத்தார்கள். எந்தச் சீட்டைப் பிரித்தாலும் அவர் பெயர்தான். ஜெயித்துவிட்டார். எங்கள் சம்பளத்துக்காக அவர் சபையில் பேசியது பேப்பரில் வந்தால், பக்கத்தைப் புரட்டிவிடுவேன்.

ஒருநாள் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்து நின்றார்.

"உங்க ரெண்டு எனக்குத்தான அண்ணாச்சி?"

அவருக்குத்தான் போட்டிருந்தேன். "இல்ல" என்றேன்.

"அதுக்கென்ன, நீங்க முதல்ல ஏறுங்க."

ஏறி உட்கார்ந்தேன். வழக்கம்போலக் கடைசியில் ஏறினார். பஸ்ஸில் இடமில்லை.

எழுந்து இடம் கொடுத்தது நான்தான்.