முதுகுக்குப் பின்னால் இருந்தது

லாஸ்பேட்டையிலிருந்து தவளக்குப்பத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்குக் காரில்தான் போய் வருகிறேன். பழைய காரை வாங்கி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, இடுப்பு பிடித்துக்கொண்டது. கடலூர் ரோட்டுப் பள்ளங்களைத் திட்டினேன். காருக்குள் ஒரு கெட்ட வாடையும் அடித்தது. பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கிப் பின்சீட்டில் வைப்பதால்தான் என்றார் என் கணவர். மீனை டிக்கிக்கு மாற்றினேன். வாடை போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டிரைவர் சீட்டின் பக்கவாட்டில் இருந்த குமிழை அவர் காட்டினார்.

"இத்தத் திருப்புனா இடுப்பாண்ட சீட்டு முன்னாடி புடைச்சிக்கினு வரும். முதுவுக்கு நல்லா முட்டு குடுக்கும். சாஞ்சி உக்காந்து திருப்பிப் பாரு."

சாய்ந்து உட்கார்ந்து திருப்பினேன். பாதியில் இறுகியது.

"இன்னும் அழுத்தித் திருப்பு."

அழுத்தினேன். முதுகுக்குப் பின்னால் மொறுக்கென்று ஏதோ நொறுங்கியது. உடனே அந்த வாடை குப்பென்று கிளம்பித் தொண்டைக்குள் இறங்கியது. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தேன்.

சீட்டின் பின்பக்க உறையில் ஜிப் இருந்தது. அவர் திறந்தார். கடித்துக் குதறிய ஸ்பாஞ்சு, ஒரு கருவாட்டுத் தலை, மூத்திரத்தில் ஊறி மஞ்சளான காகிதத் துண்டுகள். இடுப்பைத் தாங்க வேண்டிய பிளாஸ்டிக் பட்டைக்கும் கம்பிக்கும் நடுவே நசுங்கிய எலி. மேலே தோல் காய்ந்திருந்தது. அடியில் இன்னும் ஈரம். அதற்கும் எனக்கும் நடுவே இரண்டு விரல் கனம்தான் இருந்திருக்கிறது.

"இதும்மேலயா தெனம் சாஞ்சிக்கினு போன?" என்று கேட்டுவிட்டு வாசல் கேட் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார்.

எனக்கு முதுகெல்லாம் ஏதோ ஊர்ந்தது. போட்டிருந்த சுடிதாரைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். எத்தனை சோப்பு தேய்த்தும் தோலில் அந்த வாடை இருப்பதுபோலவே இருந்தது.

காரை விற்றவருக்குப் போன் செய்தேன். சிரித்தார். "எலி எல்லா வண்டிலயும்தாம்மா பூரும். அத்தப் போயி பெருசா சொல்றியே!" அந்தச் சிரிப்பைக் கேட்டபோது எலியே பரவாயில்லை என்று தோன்றியது.

கடைசியில் கையுறை மாட்டி, மூக்கைக் கட்டிக்கொண்டு நானே எல்லாவற்றையும் வழித்தெடுத்தேன். பினாயில் ஊற்றித் துடைத்து, வெயிலில் காயவைத்து, புது ஸ்பாஞ்சு வைத்தோம். குமிழ் இப்போது லேசாகச் சுற்றுகிறது. இடுப்பில் மேடு சரியாக வந்து பொருந்துகிறது. வலியும் விட்டுவிட்டது.

ஆனாலும் துண்டு விரிக்காமல் அந்தச் சீட்டில் நான் சாய்வதில்லை. அந்தத் துண்டை வீட்டுக்குள் கொண்டுவருவதும் இல்லை.