கம்ப்ரசர் கட்டுரைக்கு வந்த ஒரே போன்

வேலையை விட்டுவிட்டு, தொழிற்சாலைகளில் கம்ப்ரசர் அழுத்தி அனுப்பும் காற்று கசிந்து வீணாவதைத் தடுக்க ஆலோசனை சொல்லும் தொழிலைத் தனியாகத் தொடங்கியிருந்தேன். இரும்புலியூரில் மாடியில் ஓர் அறை, ஒரு போன். ஜி.எஸ்.டி. ரோட்டின் ஹாரன் சத்தம் ஓயாது. போன் மட்டும் அடிக்காது.

நாலு பேருக்குப் பெயர் தெரியட்டும் என்று ஒரு தொழில் இதழுக்குக் கட்டுரை எழுதினேன். என் நம்பரோடு வெளிவந்தது. போன் வந்துவிடுமோ என்று சாப்பிடக்கூட வெளியே போகத் தயங்கினேன். யாரும் கூப்பிடவில்லை. பழைய கம்பெனியிலேயே மறுபடி வேலை கேட்கலாம் என்று முடிவெடுத்த நாளில்தான் அது அடித்தது.

"கோயம்புத்தூர்ல இருந்து பேசறேனுங்க. உங்க கட்டுரை படிச்சேன். ஆர்டர் கொடுக்க எங்கிட்ட ஃபேக்டரி இல்லீங்க. நானும் இதே வேலைதான், தனியாத்தான் பண்றேன். சும்மா பேசலாம்னு..."

ஏமாற்றமாகத்தான் இருந்தது. இருந்தாலும், "பேசுங்க சார்" என்றேன். வால்வு, குழாய், எதையும் நம்பாத முதலாளிகள் என்று பேச்சு நீண்டது.

"வீட்ல இதைச் சொன்னா யாருக்குங்க புரியும்?" என்றார். வாய்விட்டுச் சிரித்தேன். அந்த அறையில் நான் அப்படிச் சிரித்ததே இல்லை.

பழைய கம்பெனிக்குப் போகவில்லை. அடுத்த கட்டுரையை அவரிடம் பேசுவது போலவே எழுதினேன். அதைப் படித்துவிட்டுத்தான் சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்று முதல் ஆர்டரைக் கொடுத்தது.

முன்பென்றால் அந்தச் சந்தோஷத்தை யாரிடம் சொல்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பேன். அன்று கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன்.