பாரிஸ் வழியை அம்மாள் அடைத்தாள்

நயினாதீவு அம்மாளின் அடியார்களே, போன வருடம் மாசி மாதம் என் தங்கை வதனி லண்டனில் சாகக் கிடந்தாள். இதயத்தில் ஒரு வால்வு பழுது. வெட்டித்தான் ஆக வேண்டும் என்று வைத்தியர்கள் நாளும் குறித்தார்கள். அவளோ, "அக்கா வந்து பக்கத்தில நிண்டால்தான் நான் மேசையில ஏறுவன், இல்லாட்டி விடுங்கோ," என்று சொல்லிவிட்டாள். அவளுக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. இடம்பெயர்ந்த காலத்தில் எங்கள் அம்மாவைத் தனியே சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். அம்மா திரும்பி வரவில்லை. அப்போது வதனி சின்னப் பிள்ளை. அந்தப் பயம் அவளை விட்டுப் போகவே இல்லை. அவள் பிடிவாதத்தால் ஆஸ்பத்திரியில் ஒரு முறை நாளைத் தள்ளிப் போட்டார்கள். இனித் தள்ளினால் அந்த இதயம் தாங்காது என்றும் சொல்லிவிட்டார்கள்.

நான் யாழ்ப்பாணத் தீவுப் பக்கத்தில், எங்கள் ஊர் புளியங்கூடலில் இருந்துகொண்டு அழுதேன். வேறென்ன செய்ய? லண்டனுக்கு விசா கேட்டுக் காத்திருந்தேன். அம்மாள் அருளால் அது கிடைத்தது.

விசா வந்த கதை ஊருக்குள் போனதுதான் தாமதம், ஆளாளுக்கு வழி சொல்ல வந்துவிட்டார்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தை வேலிக்கு வெளியே நின்றுகூடப் பார்க்காத ஆட்கள்! ஒருவர் பலாலியில் ஏறிச் சென்னையில் மாறச் சொன்னார். சென்னையில் பெட்டியை யார் எடுத்து மாற்றுவது என்று கேட்டேன். "அதெல்லாம் அவங்கள் பாப்பாங்கள்," என்றார். எவங்கள் என்று அவருக்கும் தெரியாது. இன்னொருவர், அரபு நாட்டில் மாறினால் தனிப் பெண்ணைப் பிடித்து வைப்பார்கள் என்றார். அறுபது கடந்த என்னைப் பிடித்து வைத்து அவர்கள் என்ன செய்வார்களாம்? வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

இவர்கள் எல்லாரையும் தூக்கிச் சாப்பிடும் மேதாவி ஒருவர் பாரிஸில் இருந்தார். காலமான என் கணவரின் தம்பி, குலம்.

எங்கள் தீவுச் சனத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கே போனாலும் இடையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இறங்காமல் போகக் கூடாது. வெறுங்கையோடும் இறங்கக் கூடாது. வேலணையில் இருந்து யாழ்ப்பாணம் போனாலும் அதுதான், கடல் தாண்டிப் போனாலும் அதுதான். மீறினால் அடுத்த கலியாண வீட்டில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். குலம் அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். கொழும்பிலிருந்து பாரிசுக்கு ஒரு ரிக்கற், பாரிசிலிருந்து லண்டனுக்கு வேறொரு ரிக்கற் என்று எடுத்து அனுப்பினார். நடுவில் ஒரு பகலும் ஓர் இரவும் அவர் வீட்டில்.

"மச்சாள், நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. வெளியில வந்து எங்கட வீட்டில சாப்பிட்டு, ஆறுதலா அடுத்த நாள் ஏறலாம். என்ர மனுசிக்கு மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் பனங்கட்டியும் கொண்டுவாங்கோ. கருவாடு நல்லாச் சுத்தி."

என் தங்கை சாகக் கிடக்கிறாள், இவருக்குக் கருவாடு.

"பாரிஸில இறங்க விசா வேண்டாமோ?" என்று கேட்டேன்.

"லண்டன் விசா இருக்கெல்லே! என்ர மாமியை இப்பிடித்தானே கூப்பிட்டனான்," என்றார். அவருடைய மாமி போனது எந்தக் காலத்தில் என்று அவர் சொல்லவில்லை. பாரிஸில் முப்பது வருடம் இருந்தவருக்குத் தெரியாததா என்று நானும் நம்பினேன். முப்பது வருடம் ஒரு கடைக் குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்றவருக்கு விமான நிலையத்துச் சட்டம் எப்படித் தெரியும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

புறப்படுவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, குறிகட்டுவானில் வள்ளம் ஏறி நயினாதீவுக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் யார் வெளிநாடு போனாலும் கடவுச்சீட்டையும் ரிக்கற்றையும் அர்ச்சனைத் தட்டில் வைத்து அம்மாளின் பாதத்தில் காட்டி எடுப்பார்கள். நானும் வைத்தேன். ஐயர் பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டது ஒன்றுதான். "அம்மா, நான் வதனியிட்டப் போய்ச் சேர வேணும். இந்த வழியில பிழை இருந்தால் இப்பவே காட்டு. அங்க போன பிறகு காட்டாதை."

கண்ணைத் திறந்தால் பக்கத்தில் ஒருத்தி என் தட்டை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. அந்த இனத்தை உங்களுக்கும் தெரியும். தலைக்கு மேலே கறுப்புக் கண்ணாடி, கையில் தண்ணீர்ப் போத்தல், கல்யாணச் சேலை போல ஒரு சேலை. வள்ளத்தில் வரும்போது உயிர்காப்புச் சட்டையோடு முகத்தை ஒரு பக்கம் திருப்பித் திருப்பிப் படம் எடுத்துக்கொண்டு வந்தவள். அம்மாளைக் கும்பிட்டதை விடத் தன்னைப் படம் எடுத்ததே கூட. அவள் சொல்கிறாள், "அக்கா, உங்களைக் கொழும்பிலயே ஏத்த மாட்டாங்கள்."

எனக்கு வந்த கோபம்! "பிள்ளை, அடுத்தவையின்ர தட்டுக்குள்ள பாக்கிறதுதான் உம்மட நாட்டில பழக்கமோ?" என்றேன். வெளி வீதிக்கு வந்துவிட்டேன். அவளும் பின்னாலேயே வந்தாள். வள்ளத்திலும் பக்கத்திலேயே வந்து இருந்தாள். தள்ளி இருந்தேன். அவளும் தள்ளி இருந்தாள்.

"நீங்கள் ஏசினாலும் பரவாயில்லை அக்கா. என்ர பெரியம்மாவைப் போன வருசம் இப்பிடித்தான் திருப்பி விட்டவங்கள். எங்கட பாஸ்போட்டுக்கு பாரிஸில பிளேன் மாறவே தனி விசா கேப்பாங்கள். லண்டன் விசாவைக் காட்டி முந்தித் தப்பலாம். லண்டன் ஐரோப்பியக் கூட்டத்தில இருந்து விலகினாப் பிறகு அது சரிவராது. உங்களுக்கு ரெண்டு ரிக்கற் வேற. பெட்டியை எடுக்க நீங்கள் வெளியில வர வேணும். அதுக்கு அந்த நாட்டு விசாவே வேணும்."

"என்ர மச்சான் அங்கதான் இருக்கிறார். அவருக்குத் தெரியாததே உமக்குத் தெரிஞ்சது?"

"அப்ப அவரையே கேளுங்கோ," என்றாள். அந்தத் திமிரைப் பாருங்கள்.

அவள் வாயை அடைக்கவென்றே குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று குலத்துக்கு அழைப்பெடுத்தேன். அவளுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகப் போட்டேன்.

குலம் சிரித்தார். "விசாவோ? ஏறேக்க ஒண்டும் கேக்க மாட்டினம் மச்சாள். கேட்டால் அம்மாளை நினைச்சுக்கொண்டு சிரியுங்கோ."

"நீங்கள் ஆரையும் விசாரிச்சனீங்களோ?"

"இதுக்கெல்லாம் விசாரிக்கிறதே? கருவாடு சுத்தியாச்சோ?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த மனுஷன் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் வீட்டுக் கறிச்சட்டிக்காக என் தங்கையின் உயிரை நடுவழியில் இறக்கப் பார்த்திருக்கிறார். கடைசியில் பழியை அம்மாளின் தலையில் போடவும் வழி வைத்திருக்கிறார். "வையும் ஃபோனை," என்றேன். என் வாழ்நாளில் அவருக்கு நான் மரியாதை குறைத்து 'வையும்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னபோது நன்றாகத்தான் இருந்தது.

அவள் எதிரில் நின்றாள். சிரிக்கவில்லை. அதை மட்டும் அவள் கணக்கில் எழுதலாம். "அரபு நாட்டில மாறுற மாதிரி ஒரே ரிக்கற் எடுங்கோ அக்கா. கொழும்பில போடுற பெட்டி லண்டனிலதான் வரும். நீங்கள் எயார்போட்டுக்கு வெளியில வரத் தேவையில்லை, அதால விசாவும் தேவையில்லை," என்றாள். அதோடு நிற்காமல், என்னைப் பேருந்தில் யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப்போய், ஒரு பயண முகவரின் முன்னால் கதிரையில் இருத்தினாள். முகவர் விசாரித்துப் பார்த்துவிட்டு அவள் சொன்னதையே சொன்னார். என் தங்கக் காப்புகள் போயின, புது ரிக்கற் வந்தது. வழியெல்லாம் அவள் ஓயாமல் கதைத்தாள். எனக்குத் தலையிடி வந்துவிட்டது.

கொழும்பில் என்னை ஒரு கேள்வியும் இல்லாமல் ஏற்றினார்கள். என் வரிசையில் ஒரு வயதான அப்பாவை ஒதுக்கி நிறுத்தியிருந்தார்கள். அவரும் பாரிஸ் வழி, அவரிடமும் இரண்டு ரிக்கற். அவர் தொலைபேசியில் மகனை அழைத்துக்கொண்டிருந்தார். மகன் எடுக்கவில்லை. அந்த இடத்தில் நான் நின்றிருப்பேன். "அம்மாளே, அம்மாளே" என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். அரபு நாட்டில் என்னை யாரும் பிடித்து வைக்கவில்லை. ஒரு மூலையில் நாலு மணித்தியாலம் இருந்தேன், திரும்பிப் பார்க்கவும் ஆள் இல்லை.

வதனி கட்டிலில் எலும்பாகக் கிடந்தாள். என்னைக் கண்டதும் அழவில்லை. "வந்திட்டியே? சரி, இனி வெட்டச் சொல்லு," என்றாள். மறுநாள் சத்திரசிகிச்சை அறைக் கதவு வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். அந்தக் கதவுக்கு வெளியே இருந்து நான் அம்மாளிடம் மன்றாடியதை இங்கே எழுத ஏலாது. மாலையில் அவளை வெளியே கொண்டுவந்தார்கள். கண் திறந்தவுடன், "தண்ணி," என்றாள்.

இந்த ஆனித் திருவிழாவுக்கு அவள் வந்தாள். தேருக்குப் பின்னால் தன் காலால் நடந்தாள்.

குலம் இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை. பாரிஸில் இறங்காமல் போனேனாம், மரியாதை கெட்டுவிட்டதாம். கெடட்டும். தற்செயல் என்று சொல்லும் படித்தவர்களும் இருக்கிறார்கள். பாதத்தில் வைத்துக் கேட்ட கேள்விக்கு, கண் திறக்குமுன் பதில் வந்து பக்கத்தில் நின்றதைத் தற்செயல் என்பவர்களோடு எனக்கு வாதமில்லை.

இப்போது நான் வெள்ளிக்கிழமைகளில் சந்நிதியில் நிற்கும்போது, தட்டில் கடவுச்சீட்டைக் கண்டால் எட்டிப் பார்க்கிறேன். "எங்க மாறுறீர் பிள்ளை? ஒரு ரிக்கற்றோ, ரெண்டோ?" என்று கேட்கிறேன். முறைக்கிறார்கள். முறைக்கட்டும்.

அடியார்களே, நீங்களும் அம்மாளிடம் கேளுங்கள். அவள் கைவிட மாட்டாள். ஆனால் உங்களுக்குப் பிடித்த முகத்தோடுதான் பதில் வரும் என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். பார்த்தவுடன் எரிச்சல் வருகிற ஒருத்தியை அனுப்புவாள். வாயை மூடிக்கொண்டு அவள் சொல்வதைக் கேளுங்கள். என்னாலேயே முடிந்தது, உங்களுக்கு என்ன வந்தது?