சாம்பல் கலர் வரிகள்

காரைக்காலில் ஒரு அரசு அலுவலகத்தில் ஜெனிட்டா பதினேழு வருஷமாக டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே பார்வை கிடையாது. இருநூறு எக்ஸ்டென்ஷன் எண்ணும் மனப்பாடம். எந்த அதிகாரி பேசப்போகிறார் என்பதை அவர் செருமுகிற செருமலிலேயே கண்டுபிடித்துவிடுவாள். இப்போதுதான் எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறதே. பகல் முழுக்கப் பத்து அழைப்பு வந்தாலே பெரிய விஷயம்.

அந்தச் சும்மா இருந்த நேரத்தில்தான் செய்திப் பலகைகளைக் கண்டுபிடித்தாள். இந்தக் காலத்திலும் உலகம் பூராவும் சிலர் தங்கள் வீட்டுக் கணினியில் ஆளுக்கொரு பலகை நடத்துகிறார்கள். ஒன்றில் எழுதினால் அது கைமாறிக் கைமாறி எல்லாப் பலகைக்கும் போய்விடும். படம் இல்லை, வீடியோ இல்லை, நடுவில் புகுந்து சோப்பு விற்கிறவன் இல்லை, வெறும் எழுத்து. அவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஹாஸ்டலில் தங்கிப் படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு, வானிலை பேசும் பகுதியில் தினம் ஒன்று எழுத ஆரம்பித்தாள்.

ஆபீஸ் கணினியில் தினமும் இதைச் செய்ய முடியாது; தருமபுரத்து வீட்டிலோ நெட் நிற்காது. மாடிக்குப் போனால் அஞ்சு நிமிஷம் கிடைக்கும். அதற்கும் வழி இருந்தது. அந்த அஞ்சு நிமிஷத்தில் செய்திகளை மொத்தமாக ஒரே பொட்டலமாய் இறக்கிக்கொண்டு, நெட் இல்லாமலே படித்து, பதிலையும் ஒரே பொட்டலமாய் ஏற்றிவிடுகிற மென்பொருள்கள் உண்டு. எது நல்லது என்று பார்க்கும் வேலையைப் புருஷன் யேசுராஜிடம் விட்டாள். அங்கேதான் வந்தது வினை.

யேசுராஜ் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃப்ளெக்ஸ் பேனர் டிசைன் பண்ணுகிறவன். "நீலமும் மஞ்சளுமா, கட்டம் கட்டமா, எப்படி இருக்கு தெரியுமா ஜெனி" என்று ஒன்றைப் பிடித்து ஏற்றிவிட்டான். கண் தெரியாத பெண்டாட்டிக்குக் கலர் பார்த்து மென்பொருள் எடுத்த மகராசன் இந்த ஊரில் இவன் ஒருத்தனாகத்தான் இருப்பான். திரையில் இருப்பதைப் படித்துக்காட்டும் குரல் அந்தக் கட்டங்களுக்குள் மாட்டிக்கொண்டு, கோடு, கோடு, மூலை, கோடு என்று பிதற்றியது. "விடு, நானே வாசிக்கிறேன்" என்றான். நாலு மாசம் தினம் சாயங்காலம் டீயும் கையுமாக வாசித்தான். அவள் தனியாக டைப் அடித்து வைத்ததை எடுத்து ஒட்டி அனுப்பினான். குறை சொல்லக் கூடாது, ஒரு நாள் தவறவில்லை.

ஆனால் அவள் எழுதியதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாரும் தங்களுக்குள்ளேயே என்னமோ பேசிக்கொண்டார்கள். தன் இங்கிலீஷ் மட்டமோ, எழுதுவதே பைத்தியக்காரத்தனமோ என்று ஜெனிட்டாவுக்கு மனசு விட்டுப்போனது. விலகிவிடலாம் என்று முடிவு பண்ணினாள். கடைசியாக ஒரு விடைபெறும் செய்தியையாவது யார் உதவியும் இல்லாமல் தானே எழுதி, தானே அனுப்ப வேண்டும்.

"எனக்கு வேற சாஃப்ட்வேர் வேணுங்க. இந்தத் தடவை நான் எடுக்கிறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மூன்றை ஏற்றச் சொன்னாள். முதலாவதிலும் அதே கோடு, மூலை. இரண்டாவது ஒவ்வொரு சாவியைத் தட்டும்போதும் முழுத் திரையையும் ஆதியோடு அந்தமாக ஒப்பித்தது. மூன்றாவதைத் திறந்ததுமே யேசுராஜ் முகம் சுளித்தான். "இதுல ஒண்ணுமே இல்ல ஜெனி. கறுப்புல வெள்ளை எழுத்து, வரிக்குக் கீழ வரி."

"அதுதாங்க வேணும். கொஞ்சம் தள்ளுங்க."

பழைய பொட்டலம் ஒன்றைத் திறந்தாள். "ஜே, ஒய்" என்றது குரல். அப்புறம் ஒரு வாக்கியம்: மழை வருவதற்கு முன்னால் எங்கள் ஊரில் தூரத்துச் சத்தமெல்லாம் கிட்டே வந்துவிடும்.

ஜெனிட்டாவின் விரல் நின்றுவிட்டது. அவள் எழுதிய வரி. யாருடைய வரிக்குப் பதில் என்று தெரிய, ஜெனிட்டா யேசுராஜ் என்பதன் இரண்டு இங்கிலீஷ் முதலெழுத்தைப் போட்டு, அந்த வரியை மேலே எடுத்து வைத்துவிட்டு, டாஸ்மேனியாவில் ஆடு வளர்க்கும் ஒருத்தி கீழே எழுதியிருந்தாள்: 'இன்று வேலியோரம் நின்று கேட்டேன். எதிர்க் குன்று ஆடுகளின் மணி பக்கத்தில் கேட்டது. நாலு மணிக்கு மழை.' அடுத்த செய்தியில் நார்வேக்காரர் ஒருவர் அதே வரியை வைத்துப் படகுச் சங்கைப் பற்றி எழுதியிருந்தார். அதற்கடுத்து சிலி. பொட்டலம் பொட்டலமாகத் திறந்தாள். ஜே, ஒய். ஜே, ஒய். முன்பின் தெரியாத எத்தனையோ பேர் அவள் சொன்னதை நம்பி, வாசலில் வந்து காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். ஜெனிட்டாவுக்குப் புல்லரித்தது. அம்மாடி, நாம சொன்னதா இவ்வளவு தூரம் போயிருக்கு என்று வாய்விட்டே சொன்னாள்.

"இதையெல்லாம் நீங்க வாசிக்கவே இல்லியே?"

யேசுராஜுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அந்த வரியெல்லாம் சாம்பல் கலர்ல மங்கலா இருந்துச்சு ஜெனி. எங்க கடையில முக்கியமில்லாததுக்குத்தான் சாம்பல் போடுவோம். பழசுன்னு தாண்டித் தாண்டிக் கீழ இருக்கிறதை மட்டும் வாசிச்சேன்." அவள் பக்கம் திரும்பினான். "நாலு மாசமா உன்னையே தாண்டியிருக்கேன்."

அவளுக்குக் கோபம் வந்தது, வரவில்லை என்றால் பொய். ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று நெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தது. விடைபெறும் செய்தி எழுதவே இல்லை.

"இனிமே நான் வாசிக்க வேணாம், இல்ல?" என்று எழுந்தான் யேசுராஜ்.

"எங்க போறீங்க? உட்காருங்க" என்றாள் ஜெனிட்டா. "முதல்லேருந்து நான் வாசிக்கிறேன், நீங்க கேளுங்க. ஒரு வரி விடமாட்டேன்."