காலர் வரைக்கும் என்னுது

பதினாறு வருடம் ஒரே இயந்திரத்தில் உட்கார்ந்து சட்டைகளுக்குக் காலர் வைத்தவளை எல்லோரும் காலர்க்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்தது; அதை யாரும் வாய்விட்டு வாசித்ததில்லை. அவளுக்கு வலப்பக்கம் தோள்பட்டை மூட்டுபவள் 'தோள்'. இடப்பக்கம் கை வைப்பவள் 'கை'. "இன்னைக்கு கைக்குக் காய்ச்சல் சார், தோளுக்குப் பல்வலி" என்று சூப்பர்வைசர் மேலே போனில் ஒப்பிக்கும்போது, புதிதாக வேலைக்கு வந்தவர்கள் மிரண்டு போய்ப் பார்ப்பார்கள்.

அந்தத் தொழிற்பேட்டையில் யாரும் முழுச் சட்டை தைப்பதில்லை. சட்டை ஒரு வரிசையாக நகரும். இரண்டு இயந்திரங்களுக்கு நடுவே ஒரு மரத்தொட்டி இருக்கும். தன் வேலை முடிந்ததும் உருப்படியை இடப்பக்கத் தொட்டிக்குள் தள்ளிவிட்டு, மேஜையை இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். இயந்திரங்களின் இரைச்சலில் பேச்சு காதில் விழாது. ஆனால் அந்தத் தட்டு மரத்தின் வழியே பக்கத்தில் இருப்பவளின் முழங்கைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அவள் தலையைத் திருப்பாமலே கையை நீட்டி எடுத்துக்கொள்வாள். காலர்க்கா காலை எட்டு மணிக்குத் தட்டத் தொடங்கினால் மாலை வரை தட்டிக்கொண்டே இருப்பாள். வீட்டில் தட்டில் சோறு போட்டுவிட்டுக்கூடச் சில நாள் மேஜையை இரண்டு தட்டுத் தட்டுவாள். கணவர் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொள்வார்.

ஆர்டர் குறைந்து, தொழிற்சாலையை மூடப்போகிறோம் என்று நோட்டீஸ் ஒட்டிய வாரத்தில்தான் ஏஜென்ட் வீட்டுக்கு வந்தான். இரண்டு காதுக்கும் இரண்டு போன் வைத்திருந்த இளைஞன். பக்கத்து நாட்டில் ஒரு சட்டைத் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றும், இரண்டு வருடத்துக்குத் தற்காலிக வேலை விசா என்றும் சொன்னான்.

"தையல்காரர் விசாக்கா. நாப்பது வயசு வரைக்கும்தான். உங்களுக்கு?"

"முப்பத்தொம்பது."

"அப்போ இதுதான் கடைசி பஸ்ஸு. ஒரே ஒரு டெஸ்ட். முழுச் சட்டை ஒண்ணு தைச்சுக் காட்டணும், அவ்ளோதான்."

முழுச் சட்டையா என்று அவள் கணவரைப் பார்த்தாள். அதைக் கவனிக்காமல் ஏஜென்ட், கதவோரம் நின்றிருந்த மகளைப் பார்த்தான். "பாப்பாக்குப் பதினெட்டு முடிஞ்சுதா? அவங்கன்னா ஹெல்பர் விசா. டெஸ்ட்டே கிடையாது. போன வாரம் ஏழு பேரை ஏத்திவிட்டேன்."

மகள் கல்லூரியில் கணிதம் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலைத் தாண்டியவள் அவள் ஒருத்திதான். அவள் கொஞ்சமும் பதறாமல், கடைக்குப் போய் உப்பு வாங்கி வருகிறேன் என்பதுபோலச் சொன்னாள்: "அம்மாக்குக் கிடைக்கலைன்னா நான் போறேன்."

ஆஸ்பத்திரி வாசலில் வண்டிகளுக்கு டோக்கன் கொடுக்கும் கணவர், "பார்க்கலாம்" என்றார். அவர் எல்லாவற்றுக்கும் சொல்வது அந்த ஒரு சொல்தான். மனைவி ஒருத்திக்குத்தான் அதன் நிறங்கள் தெரியும். இது மகள் போவதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாத 'பார்க்கலாம்'.

அன்று மாலை மகள் போனில் விண்ணப்பத்தை நிரப்பினாள்.

"தொழில் என்னம்மா போட?"

"காலர்."

"அப்படி ஒரு தொழில் இதுல இல்ல. முழுச் சட்டை தைக்கத் தெரியுமான்னு கேக்குது."

"தெரியும்னு போடு."

"தெரியுமா?"

"போடுன்னேன்ல."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் காலர்க்கா வரிசைப் பெண்களிடம் விஷயத்தை உடைத்தாள். சிரிக்கப் போகிறார்கள் என்று நினைத்தாள், சிரிக்கத்தான் செய்தார்கள். "பதினாறு வருஷமா சட்டை தைக்கிறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு, ஒரு சட்டை தைக்கத் தெரியாதாமே" என்றாள் தோள். "உனக்குத் தெரியுமாடி?" என்று கேட்டதும் அவளும் உதட்டைப் பிதுக்கினாள். ஒருத்திக்கும் தெரியாது. அதன்பிறகு சாப்பாட்டு நேரத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டு, கழிவுத் துணியில் ஒவ்வொருத்தியும் தன் பங்கைச் சொல்லிக்கொடுத்தாள். பை வந்தது. தோள் வந்தது. பக்கவாட்டுத் தையல், கீழ் மடிப்பு எல்லாம் ஒரு மாதிரி வந்துவிட்டன. கை மட்டும் கைக்கு வரவில்லை.

"கைக்குழியை விட கை கொஞ்சம் பெருசா இருக்கும்க்கா. அந்த மிச்சத்தத் துணிக்கே தெரியாம உள்ள தள்ளணும்" என்பாள் கை வைப்பவள். காலர்க்கா தள்ளினால் துணிக்கு மட்டுமல்ல, தெருவுக்கே தெரிந்தது. தோள்பட்டையில் சுருக்கம் சுருக்கமாக நிற்கும். ஒருநாள் இடக்கையை வலப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள். அதைத் தோள் மாட்டிக்கொண்டு, கைகள் பின்னால் திருகியபடி உணவுக்கூடம் முழுக்க நடந்து காட்டினாள். "பரவால்லக்கா, போலீஸ்காரங்களுக்கு வசதி. விலங்கு மாட்டத் தோதா இருக்கும்."

போலீஸ் என்றதும் அந்த வேலையும் வந்து சேர்ந்தது. நன்னடத்தைச் சான்றிதழுக்காகக் காவல் நிலையம் போனாள். "உங்க மேல ஏதாவது கேஸ் இருக்காம்மா?" என்று எழுத்தர் கேட்டார். "சூப்பர்வைசரத் திட்டினது சேருமா சார்?" என்று அவள் நிஜமாகவே கேட்டாள். அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்து, தேநீர் வேண்டுமா என்று விசாரித்தார். பிறகு மார்பு எக்ஸ்ரே, ரத்தம், கண். எல்லாம் குறையில்லை என்று வந்தபோது அவளுக்கு அது ஆறுதலாக இல்லை. இனித் தோற்றால் கை ஒன்றால்தான் தோற்க வேண்டும்.

தேர்வு நடந்தது மூடிப்போன ஒரு தொழிற்சாலைக் கூடத்தில். பழைய இயந்திரங்கள், நடுவில் அதே மரத்தொட்டிகள். வெட்டிய துணிக்கட்டு ஆளுக்கொன்று கொடுத்தார்கள். கழுத்தில் அளவுநாடா போட்ட நெட்டையான பரிசோதகர் பக்கத்து நாட்டுக்காரர். அவர் பேசியதை ஏஜென்ட்தான் மொழிபெயர்த்தான். காலர்க்காவுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவள் அவளைவிட இளையவள், வேறு தொழிற்சாலைக்காரி. நெற்றியில் வியர்வை.

மணி அடித்ததும் பத்து இயந்திரங்கள் ஒன்றாக இரைந்தன. அந்த இரைச்சல் கேட்டதும் காலர்க்காவுக்குத் தன் வரிசையிலேயே உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. பை வைத்தாள், தோளை மூட்டினாள். காலருக்கு வந்ததும் உலகம் மறந்து போனது. இனிமேல் யோசிக்க என்ன இருக்கிறது? விரல்கள் தானாகவே ஓடின. முனை இரண்டும் கத்திபோல நின்றன. நூலை வெட்டினாள். சட்டையை இடப்பக்கத் தொட்டிக்குள் தள்ளினாள். மேஜையை இரண்டு தட்டுத் தட்டினாள். வழக்கம்போல அடிநூலைச் சுற்றி மாற்றி, இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுவிட்டு, வலப்பக்கம் கையை நீட்டி அடுத்த உருப்படியைத் தேடினாள்.

வலப்பக்கத் தொட்டி காலியாக இருந்தது.

அப்போதுதான் தான் செய்த காரியம் உறைத்தது. திரும்பிப் பார்த்தாள். பக்கத்து இளையவள் அந்தச் சட்டையை எடுத்து, ஒரு கையை வைத்து முடித்து, இரண்டாவது கையின் பாதியில் இருந்தாள். அவளுடைய சொந்தச் சட்டை காலர் இல்லாமல் மடியில் கிடந்தது. காலரில் சிக்கி, கையும் ஓடாமல் காலும் ஓடாமல் உட்கார்ந்திருந்தவளுக்கு முழங்கையில் இரண்டு தட்டு வந்திருக்கிறது. காலர் வைத்த சட்டை ஒன்று தொட்டியில் கிடந்திருக்கிறது. அவள் தொழிற்சாலையில் பத்து வருடமாகக் கை வைத்தவள். வேறென்ன செய்வாள்?

காலர்க்கா தோளைத் தொட்டதும் அவள் நிமிர்ந்தாள். இருவரும் அந்தச் சட்டையைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இளையவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்குள் பரிசோதகர் வந்துவிட்டார். சட்டையை எடுத்து விளக்கடியில் பிடித்தார். காலரில் பெருவிரலை ஓட்டினார், தோள்பட்டையைத் திருப்பிப் பார்த்தார். ஒரு சுருக்கம் இல்லை. ஏதோ கேட்டார்.

"இது யாரோடதுன்னு கேக்கறார்" என்ற ஏஜென்ட் குனிந்து காலர்க்காவின் காதோரம் முணுமுணுத்தான். "உங்களுதுன்னு சொல்லிடுங்கக்கா. துணிக்கட்டு நம்பர் உங்களுதுதான். மிச்சத் தையலை மட்டும் முடிச்சுட்டீங்கன்னா முதல் கிரேடு. விசா கையில."

காலர்க்காவுக்கு மகள் நினைவு வந்தது. ஹெல்பர் விசா, டெஸ்ட்டே கிடையாது. அதே வேளையில் இன்னொன்றும் தெரிந்தது. வரிசையில் எதை வேண்டுமானாலும் பொறுப்பார்கள். அடுத்தவள் தைத்ததைத் தன் கணக்கில் ஏற்றுவதை மட்டும் பொறுக்க மாட்டார்கள். அதற்காக முடியைப் பிடித்துச் சண்டை போட்டவர்களை அவளே விலக்கிவிட்டிருக்கிறாள். இளையவள் காலரில்லாத தன் சட்டையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். வாய் திறந்தால் அழுதுவிடுவாள்போல இருந்தது.

"காலர் வரைக்கும் என்னுது" என்றாள் காலர்க்கா. "கை இவளுது."

ஏஜென்ட் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. ஆனாலும் மொழிபெயர்த்தான். பரிசோதகர் தொட்டியைப் பார்த்தார், இரண்டு பெண்களையும் பார்த்தார், நடந்ததைப் புரிந்துகொண்டு மூக்கால் சிரித்தார். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார்.

"அவர் ஃபேக்டரியிலயும் இதே கூத்துதானாம். ஆனா விசால முழுச் சட்டைன்னுதான் இருக்காம். கையைப் பிரிச்சிட்டு நீங்களே வைக்கணும். இந்தப் பொண்ணு தன் சட்டைக்குக் காலரை வைக்கணும். மிச்ச நேரம்தான், கூட ஒரு நிமிஷம் கிடையாதாம்."

காலர்க்கா நூல்வெட்டியை எடுத்தாள். அவ்வளவு நல்ல தையலைப் பிரிக்க மனம் வரவில்லை. "பிரிங்கக்கா" என்றாள் இளையவள், மெல்ல. "இதுமாதிரி எத்தனையோ வச்சாச்சு."

ஒவ்வொரு தையலாக வெட்டி இழுத்தபோதுதான் காலர்க்கா அதைப் பார்த்தாள். தோள் உச்சியில் தையல்கள் நெருக்கமாக இருந்தன, அக்குளை நோக்கி இறங்க இறங்க விலகின. மிச்சத் துணி முழுவதும் உச்சியில்தான் ஒளிந்திருந்தது. கீழே ஒரு துளிகூடத் தள்ளவில்லை. இத்தனை நாள் அவள் சுற்றிச் சுற்றி எல்லா இடத்திலும் சமமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். தைத்துக் காட்டியபோது பிடிபடாதது, பிரிக்கும்போது பிடிபட்டது. பிரித்த ஊசித்தடம் துணியில் லேசாகத் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனாள்.

பக்கத்தில் இயந்திரம் நின்று நின்று ஓடியது. திரும்பாமலே, "முனைக்கு வந்ததும் ஊசிய உள்ள இறக்கி வச்சுட்டுத் துணியத் திருப்பு" என்றாள். "ஊசி மேல இருந்தா முனை வழுக்கிரும்."

பரிசோதகருக்கு அது கேட்டதா தெரியாது. கேட்டிருந்தாலும் மொழி புரிந்திருக்காது.

மணி அடித்தபோது காலர்க்கா கீழ் மடிப்பில் கடைசி நூலை வெட்டிக்கொண்டிருந்தாள். பரிசோதகர் அவள் சட்டையை ஏஜென்டிடம் கொடுத்து, மாட்டிக்கொள்ளச் சொன்னார். தொப்பை கொஞ்சம் தடுத்தது. கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினான். சுற்றச் சொன்னார். இரண்டு போனையும் தலைக்கு மேலே பிடித்தபடி அவன் சுற்றியபோது கூடமே சிரித்தது. வலத்தோளில் ஒரு சுருக்கம் நின்றது. அதைப் பரிசோதகர் விரலால் நீவிப் பார்த்தார், போகவில்லை. தையல் பிரியவும் இல்லை.

"ரெண்டாம் கிரேடு" என்றான் ஏஜென்ட், சட்டையைக் கழற்றியபடி. "பாஸ்தான்."

இளையவளின் காலரில் ஒரு முனை இன்னொன்றைவிட நீண்டிருந்தது. அடுத்த குழுவோடு வரச் சொல்லிவிட்டார்கள். பஸ் நிறுத்தத்தில் காலர்க்கா அவளிடம் தன் போன் எண்ணைக் கொடுத்தாள். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. கழிவுத் துணி இருந்தா எடுத்துட்டு வா, என்கிட்ட தீந்துபோச்சு."

"உங்களுதுன்னு சொல்லிருந்தா முதல் கிரேடுக்கா."

"சொல்லிருந்தா உன் கைய வச்சுக்கிட்டு அங்க போய் நான் என்ன பண்றது? அங்க போய் வைக்கச் சொன்னா என் கைதான வரும்."

இளையவள் சிரித்தாள். பஸ் வந்தது.

விசா வர அதன்பிறகு ஆறு வாரமானது. பாஸ்போர்ட்டை வாங்க ஏஜென்ட் அலுவலகத்துக்கு அவள் தனியாகத்தான் போனாள். அவன் பக்கத்தைத் திருப்பிக் காட்டினான்: பச்சை நிறத்தில் ஒட்டி, அவள் படத்தோடு, இரண்டு வருடம். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன உறையை எடுத்து அதன் மேல் வைத்தான்.

"இதையும் எடுத்துட்டுப் போங்கக்கா. பாப்பா ஹெல்பர் விசாவுக்குக் குடுத்து வச்சிருந்தது. இனிமே தேவைப்படாதுல்ல."

உறைக்குள் மகளின் படங்கள் ஆறு. வெள்ளைப் பின்னணி, இரண்டு காதும் தெரியும்படி முடியை இழுத்துக் கட்டியிருந்தாள். சிரிக்கக் கூடாது என்று சொல்லியிருப்பார்கள், சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் முதல் நாள் விட்டு வந்தபோது திரும்பிப் பார்த்த முகம்போல இருந்தது. எப்போது போய் எடுத்தாள்? யாரிடம் சொன்னாள்? காலர்க்கா உறையைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தாள். வீடு வரும் வரை அந்தப் பையை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக மாற்றிக்கொண்டே வந்தாள்.

கணவர் விசாவைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்தார். "பார்க்கலாம்" என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, சொல்லாமல் உள்ளே போனார். மகள் தரையில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

"எப்பம்மா கிளம்பணும்?"

"இருபத்தி நாலு."

"அன்னைக்குத்தான் எனக்குக் கடைசிப் பரீட்சை. காலைல. நான் எப்படி வந்து ஏத்திவிடறது?"

"வராத. நீ எழுதப் போ."

மகள் புத்தகத்தைப் பார்த்தபடியே தலையாட்டினாள். காலர்க்கா உறையைத் திறந்து இரண்டு படங்களை எடுத்துத் தன் பாஸ்போர்ட் உறைக்குள் செருகினாள். மீதியை மகளின் புத்தகத்தின் மேல் வைத்தாள்.

"ஹால் டிக்கெட்டுக்குப் போட்டோ கேட்டாங்களே, இன்னும் ஒட்டலயா?"

மகள் படங்களைப் பார்த்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை. காதுவரை சிவந்து போனாள்.

"ரெண்டு என்கிட்ட இருக்கு" என்றாள் காலர்க்கா. "மிச்சத்த ஒட்டிக்க. பசை அலமாரில இருக்கு."