பச்சைக் கதவும் சம்பந்தியும்

"துணி அறை உதவியாளர், நிலை இரண்டு. இருபத்தைந்து கிலோ எடையைத் தனியாகத் தூக்கும் உடல்வலு வேண்டும். மலர்ந்த முகமும் இனிய பேச்சும் விரும்பத்தக்கவை. நோயாளிகளோடு நேரடித் தொடர்பு இல்லாத பணி."

மருத்துவமனைக் கோப்பில் அவரைப் பற்றி இருக்கும் விளக்கம் இவ்வளவே. அவருடைய இடது இடுப்பு பத்து வருஷமாக மக்கர். ஐந்து கிலோவுக்கு மேற்பட்ட மூட்டையைத் தரையில்தான் இழுத்துப் போவார். முகத்தைப் பார்த்தால் பல்வலி வந்து ஒரு வாரம் ஆனது போலிருக்கும். கேட்ட கேள்விக்குப் பாதி பதில் கிடைத்தால் கேட்டவர் அதிர்ஷ்டசாலி. மற்றபடி, நோயாளிகளோடு தொடர்பில்லாத அந்த மனிதர் நானூற்றுச் சொச்சம் நோயாளிகளுக்குச் சொந்தக்காரர். அதனால் ஆஸ்பத்திரி முழுக்க அவருக்குச் சம்பந்தி என்று பெயர்.

அந்த ஆஸ்பத்திரியை நடத்துவது துறவறச் சகோதரிகளின் சபை ஒன்று. இருபத்து நான்கு கட்டில் கொண்ட இலவச வார்டு ஒன்று அதில் உண்டு. அந்த வார்டில் யாரையும் 'ஆளில்லாதவர்' என்று சேர்க்கக் கூடாது என்பது ஆதிகாலத்து விதி. படிவத்தில் 'உறவினர்' என்ற கோட்டை வெற்றாக விடக் கூடாது. ஆளில்லாமல் வருகிறவருக்கு ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவர் உறவாகிக் கையெழுத்துப் போட வேண்டும். பார்வை நேரத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். உயிர் போய்விட்டால் சுடுகாடுவரை கூடப் போகவும் வேண்டும். இதை எல்லோரும் முறை வைத்துச் செய்வதாக ஏற்பாடு. டாக்டர்களுக்கு நேரமில்லை, நர்ஸ்களுக்கு மாற்றல், ஆபீஸ்காரர்களுக்குத் தலைவலி. வார்டின் கோடியில் துணி அறை. முறை அங்கே வந்து இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்துவிட்டது.

அவர் அதை ஏனோதானோ என்று செய்யவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, படிவத்தை முழங்காலில் வைத்து, "நான் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்பார். அவர்கள் சொல்லும் உறவுமுறைதான் படிவத்தில் ஏறும். விலா நொறுங்கி வந்த லாரிக்காரர், கேலி பேச ஆள் வேண்டும் என்று 'மச்சான்' போடச் சொன்னார். காது கேளாத ஒரு அம்மாள் 'மருமகன்' கேட்டாள். வாழ்நாளெல்லாம் சேர்த்து வைத்த வசவை யாரிடமாவது செலவழிக்க வேண்டியிருந்தது. மூன்று வாரம் தினமும் வாங்கிக்கொண்டார்.

அவர் மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவர். "பொண்ணோட மாமியார் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் உக்காரச் சொன்னா இடுப்பு வலி. ஊர்ல போற வர்றவனுக்கெல்லாம் மச்சானா இருக்க மட்டும் இடுப்பு வளையுது," என்பார்.

"அங்க யாரும் திரும்பி வந்து குறை சொல்றதில்ல," என்பார் சம்பந்தி.

இது எவ்வளவு தவறு என்று அப்போது அவருக்குத் தெரியாது.

அந்தச் சொந்தக்காரர்களில் சிலர், போகிற நேரத்தில், அவரிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். முதலில் கேட்டது லாரிக்காரர். "மச்சான், பச்சைக் கதவு திறந்திருக்கா?" அடுத்த வருஷம் காது கேளாத அம்மாள். அப்புறம், ஒருவரை ஒருவர் பார்த்தே இராத ஒன்பது பேர். இருபத்திரண்டு வருஷத்தில் மொத்தம் பதினோரு பேர். ஆஸ்பத்திரியில் பச்சைக் கதவே கிடையாது; எல்லாம் வெள்ளை. ஜுர வேகத்தில் வீட்டு ஞாபகம் வந்து, கதவைத் திறந்து போட்டுவிட்டோமோ, திருடன் புகுந்துவிடுவானோ என்று தவிக்கிறார்கள் என்றே சம்பந்தி நினைத்தார். தினமும் மாலை ஐந்து மணிக்குத் துணி அறையைப் பூட்டி, பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்க்கிற மனுஷனுக்கு வேறெப்படித் தோன்றும்? ஆகவே பதினோரு பேருக்கும் ஒரே ஆறுதலைச் சொன்னார்: "பூட்டிட்டேன். நல்லா இழுத்துப் பார்த்துட்டேன். கவலைப்படாதீங்க."

உடனே அவர்கள் பேச்சு நின்றுவிடும். அதை அவர் நிம்மதி என்று எடுத்துக்கொண்டார்.

வார்டில் வேறொரு வழக்கமும் இருந்தது. துணி அறைப் பக்கமுள்ள கடைசி நான்கு கட்டில்களுக்கு நடுவே நடக்கும்போது எல்லோரும் உடம்பை ஒருக்களித்துக்கொண்டு நடப்பார்கள். நர்ஸ், துடைக்கிறவர், மருந்து வண்டி தள்ளுகிறவர், எல்லோருமே. கூட்டமான பஸ்ஸில் இறங்க வழி தேடுகிற மாதிரி. இத்தனைக்கும் அங்கே ஆறடி அகலத்துக்கு வெறும் தரை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. புதிதாக வருகிறவர்களும் இரண்டாம் நாள் அப்படித்தான் நடந்தார்கள்.

பஸ் நிலையத்தில் சீப்பும் ஊக்கும் விற்கிற பெண் ஒருத்தி, காலில் புண் புரையோடி, தானாகவே நடந்து வந்து சேர்ந்தது ஒரு திங்கட்கிழமை. ஐம்பது வயதிருக்கும். கடைசிக் கட்டில். சம்பந்தி ஸ்டூலை இழுத்தார்.

"நான் உங்களுக்கு என்ன வேணும்?"

"தம்பின்னு போடு. அண்ணன்னா அதிகாரம் பண்ணுவான்."

"எனக்கு அம்பத்தாறு ஆகுது."

"அக்கா முந்திப் பொறந்துட்டேன்னு வெச்சுக்கயேன். உனக்கு என்ன குறைஞ்சுபோச்சு?"

டாக்டர் வந்து பார்த்தார். நாளைக்குள் முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் விஷம் ஏறிவிடும் என்றார். அவள் மாட்டேன் என்றாள். மூளை கலங்கியிருக்குமோ என்று டாக்டர் கிழமை கேட்டார், மாதம் கேட்டார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். சில்லறை கொடுத்துப் பழகியவள், டாக்டரைவிட வேகமாகக் கழித்தாள். தெளிவாக இருக்கிறவள் மறுத்தால் உறவினர் கையெழுத்து செல்லாது. "நீங்க பேசிப் பாருங்க, தம்பியாச்சே," என்று டாக்டர் போய்விட்டார்.

"ஏன்க்கா வேணாங்கறீங்க?"

அவள் குரலைத் தாழ்த்தவில்லை. விலை சொல்கிற மாதிரிதான் சொன்னாள். "மயக்க மருந்து குடுப்பாங்க. நான் திரும்பலைன்னு வை. அப்புறம் நானும் இவங்களோட இங்கேயே நிக்கணும். எனக்கு ஏற்கெனவே கால் வலி."

"எவங்களோட?"

"லாரிக்காரர். காது கேக்காத அம்மா. இன்னும் இருக்காங்க. கட்டிலுக்கு நடுவுல நிக்க இடமில்ல. பச்சைக் கதவு திறந்திருக்கான்னு உன்னைக் கேட்டாங்களாம். பூட்டிட்டேன்னு சொன்னியாமே?"

சம்பந்திக்கு இடுப்பு வலி அந்த நிமிஷம் இல்லை. இடுப்பே இருந்ததாகத் தெரியவில்லை. லாரிக்காரர் போய் இருபது வருஷம் ஆகிறது. அந்தக் கேள்வியை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

"ஏன் பூட்டின?" என்றாள் அவள், கோபமில்லாமல். "திறந்துட்டு வா. காலை எடுக்கட்டும்."

அவர் வெளியே போய்த் தண்ணீர் குடித்தார். பழக்கதோஷம் லேசில் போகுமா? திரும்பி வந்து, "திறந்துட்டேங்க்கா," என்றார்.

"அப்ப ஏன் இன்னும் தட்டுறாங்க?"

அவள் கை நீண்ட திசையில் துணி அறைதான் இருந்தது.

அங்கே சுவரோரம் ஓர் இரும்பு அலமாரி. அதன் அடித்தட்டில் வைக்கிற போர்வை எப்போதும் ஜில்லென்று ஈரமாகிவிடும் என்று பராமரிப்புப் பிரிவுக்கு அவர் ஒன்பது தடவை எழுதிப் போட்டிருந்தார். ஒன்பது தடவையும் 'கவனிக்கப்பட்டது' என்று பதில் வந்தது. மறுநாள் காலை அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். சுண்ணாம்பு தட்டுப்படவில்லை. பலகை.

ஆஸ்பத்திரி மேஸ்திரியைக் கூப்பிட்டார். மேஸ்திரி தாடையைச் சொறிந்தார். "இந்த ரூமே முன்னாடி வாசல் நடைதான். ஏழை ஜனங்க சந்து வழியா நேரா வார்டுக்கு வருவாங்களாம். முன்பக்கம் பெரிய கட்டடம் எழும்பினதும் இதை அடைச்சுட்டாங்க. நாப்பது வருஷம் இருக்கும். என்ன, புதையலா?"

மதரிடம் அனுமதி கேட்கப் போனார். ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பான சகோதரியை எல்லோரும் மதர் என்பார்கள்; நல்லவர், களைத்தவர். ஆண்டறிக்கைக்கு முன்னுரை எழுதிக்கொண்டிருந்தார். 'எங்கள் கதவு எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது' என்று ஆரம்பித்திருந்தார். வருஷா வருஷம் அப்படித்தான் ஆரம்பிக்கும்.

"நோயாளி சொன்னாங்கன்னு சுவரை இடிச்சா, அடுத்த வாரம் கூரையைப் பிரிக்கச் சொல்வாங்க," என்றார் மதர். "கட்டடக் குழு அடுத்த மாசம் கூடுது. எழுதிக் குடுங்க."

"அக்காவுக்கு இன்னிக்குச் சாயந்திரம் வரைக்கும்தான் நேரம், மதர்."

"எந்த அக்காவுக்கு?"

"எங்க அக்காவுக்கு."

மதர் பேனாவை மூடி வைத்தார். பிறகு திறந்தார். "எழுதிக் குடுங்க," என்றார் மறுபடி.

பகல் இரண்டு மணிக்கு, வார்டு சாப்பிட்டு முடித்து வெயிலில் கண்ணயரும் நேரத்தில், ஐந்து கிலோ தூக்க முடியாதவர் இரும்பு அலமாரிக்கு முதுகைக் கொடுத்தார். அது நகர்ந்தது. தான் ஒரு கைதான் போட்டதாகவும், அதற்கு மேல் வேறு யாரோ தள்ளியதாகவும் மேஸ்திரி இன்றுவரை சாதிக்கிறார். பலகையைப் பெயர்த்தார்கள். பின்னால் நாலு விரல்கடை இடைவெளி. அதற்கப்பால் பச்சைக் கதவு.

நாற்பது வருஷம் அடைத்துக் கிடந்த கதவில் ஒரு நூலாம்படை இல்லை, தூசி இல்லை. தாழ்ப்பாளைச் சுற்றிப் பெயிண்ட் தேய்ந்து, மரம் கை எண்ணெய் ஏறிப் பளபளவென்றிருந்தது, நேற்றுவரை பத்துப் பேர் புழங்கினதுபோல. வார்டுப் பக்கமாகத்தான் அந்தத் தேய்மானம். மேஸ்திரி அதைத் தொடவில்லை. "நான் வெளியில போய் அந்தப் பக்கம் பார்க்கறேன்," என்று வேகமாகப் போய்விட்டார்.

அந்தப் பக்கம், கதவையே மறைத்து, பெரிய தகரப் பலகை ஒன்றை ஆணியடித்து வைத்திருந்தார்கள். மேஸ்திரி ஆணிகளைப் பிடுங்கப் பிடுங்க அது சந்தில் மல்லாந்து விழுந்தது. 'எங்கள் கதவு எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது.' சைக்கிள்காரர் ஒருவர் அதன் மேல் ஏற்றிக்கொண்டு போனார்.

சம்பந்தி தாழ்ப்பாளை இழுத்தார். எண்ணெய் போட்டதுபோல் வந்தது. கதவு திறந்தது. வெயில் உள்ளே விழுந்தது.

அவர் ஒருபுறமாக ஒதுங்கி நின்றார். யாரையாவது வழியனுப்பினால் போயிட்டு வாங்க என்பதுதானே பேச்சு. இவர்களிடம் அப்படிச் சொல்லலாமா கூடாதா என்று கொஞ்சம் யோசித்தார். கடைசியில் முறையை மட்டும் சொன்னார். "மச்சான், வழி இருக்கு. அத்தை, பார்த்து, படி இருக்கு." பதினோரு முறையையும் ஒன்று விடாமல் சொன்னார். காற்றே இல்லாத பகலில், உள்ளிருந்து வெளியே ஏதோ ஒவ்வொன்றாக அவர் சட்டைக் கையை உரசிக்கொண்டு போயிற்று. ஒன்று மட்டும் நின்று, அவர் இடுப்பில் ஒரு இடி இடித்துவிட்டுப் போனது. லாரிக்காரர் கேலிக்கு அப்படித்தான் இடிப்பார்.

அக்கா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். "பன்னெண்டு பேர்," என்றாள்.

"பதினோரு பேர்தான்க்கா."

"பன்னெண்டு. ஒருத்தர் உன்கிட்ட கேக்கவே இல்லையாம். நீ பூட்டிட்டேன்னுதானே சொல்லப் போறேன்னு விட்டுட்டாராம்." பிறகு டாக்டரைக் கூப்பிடச் சொன்னாள்.

நாலரை மணிக்குக் காலை எடுத்தார்கள். உயிர் தப்பியது. அவள் இப்போது கட்டைக்காலோடு அதே பஸ் நிலையத்தில் சீப்பு விற்கிறாள். தம்பிக்கு வழுக்கை என்பதால் ஊக்கு மட்டும் இலவசம். வார்டின் கடைசி நான்கு கட்டில்களுக்கு நடுவே எல்லோரும் நேராக நடக்கிறார்கள். அடித்தட்டுப் போர்வை காய்ந்திருக்கிறது. தகரப் பலகை மழைத்தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகிவிட்டது. கட்டடக் குழு கூடியது. 'பணி விளக்கத்துக்குப் புறம்பான செயல்' என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. கதவை மறுபடி அடைக்கும்படி மட்டும் அதில் எழுதவில்லை. அந்தப் பத்தியை மதர் அடித்துவிட்டதாகப் பேச்சு. மாலை ஐந்து மணிக்குச் சம்பந்தி துணி அலமாரியை மட்டும் பூட்டி மூன்று தரம் இழுத்துப் பார்க்கிறார். பச்சைக் கதவின் பக்கம் திரும்புவதில்லை.

அவர் செய்தது: அலமாரியை இரண்டரை அடி நகர்த்தினார், ஆறு பலகைகளைப் பெயர்த்தார், ஒரு கதவைத் திறந்து வைத்தார்.